வேலிக்கு வெளியே போன முதல் குடம்

சிஸ்டரம்மா, மாரியாத்தா கோயில் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றீர்களே, அன்று யாரை வேண்டிக்கொண்டீர்கள்? நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது. விடை தெரியாது. நீங்கள் மிஷன் நர்ஸ், காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபித்தவர். நான் எந்தச் சாமியையும் நம்பாதவள். எனக்கு எதற்கு இந்தக் கவலை என்பதும் தெரியவில்லை.

நேற்று பக்கத்து வீட்டுப் பெண் ஒரு புகைப்படத்தோடு வந்தாள். தன் தேவாலயக் குழுவோடு அடுத்த மாதம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறாள். போன ஆண்டு அந்தக் குழு அங்கே ஒரு கிராமத்தில் கைப்பம்பு போட்டுக் கொடுத்ததாம். நான் தண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவள் என்பதால், சோதனை முடிவுகளைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"அங்கே பைபிள் முதலிலா, தண்ணீர் முதலிலா?" என்று கேட்டேன். என் வாய் அப்படி.

"ஐயோ ஆன்ட்டி, தண்ணிதான் லா முதல்ல!" என்று சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஆனா பாதிப் பேரு இன்னும் ஆத்துக்குத்தான் போறாங்களாம். இவ்வளவு கிளீன் தண்ணி. ஏன்னே தெரியல."

படத்தில் வளைந்த கைப்பிடியுள்ள பம்பு, ஈரம் காயாத சிமெண்டுத் தளம். தள்ளி நின்ற பெண்களின் காலடியில் குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. அந்த நிற்பு எனக்குத் தெரியும். என் அம்மா அப்படி நின்றிருக்கிறாள்.

மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் அப்போது. எனக்கு எட்டு வயது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாதென்று, லிங்கிப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களைப் பிரித்து, ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். போகவர ஒரே ஒரு கேட். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்களின் வாளியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் விடுவார்கள். பழைய லயத்தின் நல்ல கிணறு வேலிக்கு வெளியே போய்விட்டது. மாரியாத்தா கோயிலும் அப்படித்தான். உள்ளே எங்களுக்கு வாய்த்த கிணறு கக்கூசுக்குக் கீழே, சரிவில் இருந்தது.

காய்ச்சிக் குடியுங்கள் என்று நீங்கள் சொல்லாத வாரம் இல்லை. விறகும் வேலிக்கு வெளியேதான் இருந்தது.

அந்த மழைக்காலத்தில் லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேரைப் புதைத்தோம். அடுத்து என் தங்கை படுத்தாள். மூன்று வயது. வாய்க்குள் போன தண்ணீர் ஐந்து நிமிடம் வயிற்றில் தங்கவில்லை. அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டே இருந்தாள்; கீழே கிடத்தினால் போய்விடுவாள் என்று பயந்தவளைப் போல.

உங்கள் மிஷன் வேன் சனிக்கிழமைகளில் வரும். வெள்ளைக்காரப் பாதிரியார், குழாய் இறக்கும் மெக்கானிக், நீங்கள். போலீஸ் பர்மிட் வாங்கி, முன்னால் ஒரு ஜீப் துணைக்கு வர வந்தீர்கள். அந்தச் சாலையில் வருவதற்கு அப்போது தைரியம் வேண்டும். மாத்திரையோடு வசனத் தாளையும் சேர்த்து நீட்டுவீர்கள். அது எனக்கு இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் மெக்கானிக்கோடு நீங்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைப் பிடித்தீர்கள். முழங்கை வரை சேறு. ஐந்தாம் சனிக்கிழமை பம்பில் தண்ணீர் வந்தது.

பாதிரியார் ஜெபம் செய்தார். பம்பை அடித்து, ஒரு டம்ளர் பிடித்து, எல்லோரும் பார்க்கக் குடித்துக் காட்டினார். "நல்ல தண்ணி! குடிங்கோ!"

யாரும் குடத்தை எடுக்கவில்லை.

அவர் முகம் சிவந்தது. "யாரையும் மதம் மாத்தறது இல்லை," என்றார். அதற்கும் யாரும் அசையவில்லை. நீங்கள்தான் கூட்டத்துக்குள் நடந்து வந்து, என் அம்மாவுக்கு முன்னால் நின்று, "ஏம்மா குடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் எங்களைக் கேட்கவில்லை.

"புதுத் தண்ணி சிஸ்டரம்மா. மொதக் கொடம் ஆத்தாளுக்கு ஊத்தணும். அவளுக்கு ஊத்தாம எப்படி வாயில வைக்கிறது?"

"இங்கேயே ஒரு கல்லை வச்சு ஊத்தினா ஆகாதா?"

"அவள வெளிய விட்டுட்டு நாம மட்டும் வேலிக்குள்ள வந்து படுத்துக்கிட்டோம். அதுக்கே புள்ளைங்கள எடுத்துக்கிறா. இப்ப தண்ணியையும் நாமளே குடிச்சுட்டா?"

"அதான் சாமியாரு மொதல்ல குடிச்சுட்டாரே," என்றாள் எதிர் வீட்டு அக்கா. "எச்சத் தண்ணியவா ஆத்தாளுக்கு ஊத்தப் போறீங்க?"

"ஏன், உன் ஊட்டுக்காரரு கள்ளுக்கடையில எச்சப் படாத மொந்தையிலயா குடிக்கிறாரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்து, பாதிரியார் குடித்த தண்ணீர் போகட்டும் என்று, அந்த அக்காவே "போதும், போதும்" என்று சொல்லும்வரை அடித்துக் கொட்டினீர்கள்.

பாதிரியாரிடம் போய் ஆங்கிலத்தில் பேசினீர்கள். எனக்குப் பேச்சு புரியவில்லை. அவர் முடியாது என்று தலையை ஆட்டியது புரிந்தது. வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நீங்கள் திரும்பி வந்து, அம்மா தேய்த்து வைத்திருந்த பித்தளைக் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள். அவளுக்குத் தோளில் பிள்ளை.

கேட்டில் மலாய்க் காவலர் கையை நீட்டி மறித்தார். "தா போலே லா, மிஸி." முடியாது, நிறைந்த எந்தப் பாத்திரமும் வெளியே போகக் கூடாது. வெறும் தண்ணீர்தான் என்றீர்கள். அப்படியானால் குடித்துக் காட்டு என்றார். இல்லையென்றால் அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கும் கம்பியை உள்ளே விடுவேன் என்றார்.

வேலிக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாய் குடித்திருந்தால் முடிந்திருக்கும். உங்களுக்கு அது எச்சில் இல்லை. அந்தக் கல் உங்களுக்குச் சாமியும் இல்லை. நீங்கள் குடிக்கவில்லை. கம்பியை உள்ளே விடவும் சம்மதிக்கவில்லை. குடத்தை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, பையைத் திறந்து, உங்கள் அடையாள அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தீர்கள்.

அந்த நாளில் அட்டை இல்லாமல் ரப்பர் காட்டுக்குள் நடப்பது என்றால் என்னவென்று எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ரோந்து வருகிற சிப்பாய் நின்று விசாரிப்பான் என்று நம்ப முடியாது. காவலருக்கும் தெரியும். அட்டையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணியா இல்லன்னா என்னைப் பிடிச்சுக் குடுங்க," என்று மலாயில் சொன்னீர்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி அதையே தமிழிலும் சொன்னீர்கள்.

"நாலு மணிக்கு கேட் மூடிருவேன்," என்றார் அவர்.

அம்மா தங்கையை என் மடியில் கிடத்திவிட்டு உங்களோடு போனாள். தங்கை கனமே இல்லை. கழுத்தில் கை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நீங்கள் திரும்பி வந்தபோது காவலர் கேட்டைப் பாதி மூடியிருந்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்தவர், நீங்கள் கவிழ்த்துக் காட்டிய வெற்றுக் குடத்தைத் தட்டிப் பார்த்தார்.

கோயிலில் நடந்ததைப் பற்றி அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நான்தான் ஊத்துனேன். சிஸ்டரம்மா செருப்பக் கழட்டிட்டு வெளிய நின்னாங்க. கண்ண மூடியிருந்தாங்க."

அதற்குப் பிறகு நாலு மாதம் மிஷன் உங்களை எங்கள் தோட்டத்துக்கு அனுப்பவில்லை. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பல்கலைக்கழகம் முடித்து வந்தபோது செரம்பானில் உங்களைப் பார்த்து, அன்று கோயிலில் ஏன் கண்ணை மூடினீர்கள் என்று நேராகவே கேட்டேன். "வெயில் கண்ணக் கூசிச்சு," என்றீர்கள். ரப்பர் மரத்தடியில் வெயில் ஏது, சிஸ்டரம்மா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் உங்கள் அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பாட்டுக்கு எழுந்து நின்றேன், பாடவில்லை. தங்கையைப் பிழைக்கவைத்தது குழாயா, மாத்திரையா, வேறெதுவுமா என்று கேட்டால் குழாய் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் குழாயிலிருந்து அவள் வாய்க்கு இருந்த தூரத்தை எந்தக் குழாயும் கடந்திருக்காது. என் மேசைக்கு வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் தண்ணீர் சுத்தமா என்று பார்த்த பிறகு, யார் குடிக்கவில்லை, அவர்களைக் கேட்டீர்களா என்று ஓரத்தில் எழுதுகிறேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது எரிச்சல். நேற்று அந்தப் பெண்ணின் தாளிலும் எழுதிக் கொடுத்தேன். "கேக்கவே இல்லையே ஆன்ட்டி," என்றாள். போய்க் கேள் என்றேன்.

நீங்கள் குடம் கொண்டுபோனதற்கு மறுநாள் நடந்ததை எழுதி நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வரவில்லை. விடிந்ததும் பம்படியில் குடங்களின் வரிசை எங்கள் வீட்டு வாசல் வரை நின்றது. முறை முடிந்த அந்தக் கேட் காவலரும் தன் தகரக் குவளையோடு வரிசையில் நின்றார். எதிர் வீட்டு அக்கா அவரை முன்னால் விட்டாள். அம்மா தங்கைக்கு அரை டம்ளர் புகட்டிவிட்டு, வழக்கம்போல் வாந்தி துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். துணி தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை கண்ணைத் திறந்து, இன்னும் வேண்டும் என்றாள்.