சொந்தப் பெயரில் ஒரு கடைத்திரை

மூன்றாம் மாதம், 4

தாளை வீணாக்குவதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டே தொடங்குகிறேன். துணி சுற்றி வந்த உறையின் பின்பக்கம் இது. அப்பா பார்த்தால், "நுயி, இதுல இன்னொரு கட்டு மடிச்சிருக்கலாமே" என்பார். தோளில் கூடை சுமந்து தெருத்தெருவாகப் பருத்தித்துணி விற்று, ஒசாகாவில் கடை போட்டவர். எங்கள் குடும்பத்தில் கோயில் பள்ளியை முழுதாக முடித்தவள் நான்தான். முடித்து என்ன? நாலு பேர் முன்னால் வாய் வராது.

இன்று முடிவாகிவிட்டது. கடை அண்ணனுக்கு இல்லை. அவனுக்குப் பொம்மலாட்டப் பாட்டு போதும். தலைமைக் கணக்கர் இவாஷிச்சிக்கு என்னைக் கட்டிவைத்து, கடையை அவர் கையில் கொடுக்கப்போகிறார் அப்பா. "மகன் விதிப்படி வாய்ப்பான். மருமகனைத்தான் நாம பொறுக்கி எடுக்கலாம்." எங்கள் வணிகர் தெருவில் பெண் பிறந்தால் சிவப்புப் பயறு போட்டுச் சோறாக்கிக் கொண்டாடுவது சும்மாவா?

என்னைக் கேட்கவில்லை. அவரையும்.

மூன்றாம் மாதம், 9

மழை. துணி மடித்தேன். களைப்பு.

மூன்றாம் மாதம், 11

கல்யாணத்தன்று அவர் அப்பாவின் பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வீட்டுத் தலைவர் யாரானாலும் பெயர் ஜின்பேதான். ஆக, என் கணவனும் ஜின்பே! சிறுவனாக வேலைக்கு வந்தபோது கடை அவருக்கு ஒரு பெயர் வைத்தது. கணக்கரானதும் இவாஷிச்சி என்று மாற்றியது. இப்போது இது.

ஆனால் அவருக்குத் தனிக்கடையும், எங்கள் முத்திரை போட்ட வாசல்திரையும் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தாரே? கடைப் பலகையில் சொந்தப் பெயர் எழுதிக்கொள்ளலாம் என்றாரே?

கிணற்றடியில் தரையைப் பார்த்தபடி கேட்டேன். "உங்களுக்குச் சம்மதமா?"

"வீட்டுக்கு எது நல்லதோ அது, சின்னம்மா."

இங்கே எல்லோரும் சொல்லும் பதில். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. எனக்கு அவரைப் பிடிக்குமா — வேண்டாம், இங்கேகூட எழுத வேண்டாம்.

மூன்றாம் மாதம், 18

சமையற்கட்டில் வேலைக்காரி தோமே சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தம்பா மலைப்பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா வந்துச்சு. தாகிசோ இருக்கானான்னு கேட்டுச்சு. அப்படி யாரும் இல்லேன்னு அனுப்பிட்டேன். பட்டிக்காடு! காதோரம் தீத்தழும்பு இருக்கும்னு அடையாளம் வேற சொல்லுது."

காதோரம் தழும்பு இவாஷிச்சிக்குத்தான். பெற்றவள் வைத்த பெயர் தாகிசோ போலிருக்கிறது. ஐயோ, தோமே!

வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருநாளும் போகாத முன்கட்டுக்கே போய் அவரிடம் சொன்னேன்: "உங்க அம்மா வந்துட்டுத் திரும்பிப் போறாங்க."

செருப்புகூடப் போடாமல் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் மாதம், 19

படகு கிளம்புமுன் பிடித்துவிட்டார். மகனின் கடைத்திரை எப்போது தொங்கும் என்று கேட்கத்தான் அந்த அம்மா, காய்ந்த கஷ்கொட்டைப் பருப்போடு இவ்வளவு தூரம் வந்தாளாம்.

"என்ன சொன்னீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள்னு சொன்னேன்." பிறகு மெதுவாக, "என் பேரைத்தான் கூப்பிட்டாங்க, சின்னம்மா. வேற யாரையோன்னு நெனச்சு நின்னுட்டேன்."

மூன்றாம் மாதம், 22

அப்பாவிடம் பேசிவிட்டேன்.

"சொன்ன விலைதான், பேரம் இல்லைன்னு ஊரெல்லாம் பேர் வாங்கினீங்களே. திரை தர்றேன்னு அவருக்குச் சொன்னது மட்டும் மாறலாமா?"

புகைக்குழலைத் தட்டிக் கவிழ்த்தார். "உன்னைப் பள்ளிக்கு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நான்காம் மாதம், 2

அப்பாவுக்கு என்னோடு பேச்சில்லை. ஊறுகாயைக்கூட அண்ணனிடம்தான் கேட்கிறார்.

நான்காம் மாதம், 15

அவருடைய திரைக்கான துணி நீலச் சாயம் தோய்க்கப் போயிருக்கிறது! அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தோமே சொன்னாள்.

கடைக்கு இரண்டாவது கணக்கரைத் தத்தெடுக்கிறார். அந்த ஆளுக்கு ஊரில் பேசிவைத்த பெண் இருக்கிறாள், என்னைக் கட்ட வேண்டியதில்லை. "கடைக்கு ஆள் கெடச்சாச்சு. கடை இல்லாம உன்னை மட்டும் எவன் வந்து கேப்பான்?" என்றார் என்னிடம்.

பரவாயில்லை, பேசிவிட்டாரே.

ஐந்தாம் மாதம், 3

கால்வாய்க்கு அக்கரையில் திரை தொங்கியது. பலகையில் தாகிசோ. அவர் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். இன்னொருதரம் வாசிக்கச் சொன்னாள். "சாயத்துல இன்னொருதரம் முக்கியிருக்கணும்" என்று குறை சொல்லிக்கொண்டே அப்பா திரையை நீவிவிட்டார்.

நான் கிளம்பும்போது தாகிசோ வாசல்வரை வந்து குனிந்தார். "சின்னம்மாவுக்கு நான் என்ன கைம்மாறு செய்யணும்?"

"ஒண்ணும் வேணாம்." பழக்கதோஷம். பாலம்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

"கடை காலூன்றினதும் தாகிசோவாவே வந்து எங்க அப்பாகிட்ட என்னைப் பெண் கேளுங்க. அதுக்கு முன்னாடி, எனக்குச் சம்மதமான்னு என்கிட்டயும் ஒரு வார்த்தை."