புல்லி போல்ட்டைக் கழற்றியது யார்

என்னங்க,

உங்களை எழுப்ப மனசு வரல, வேலைக்குக் கிளம்பிட்டேன். இட்லி மூடி வச்சிருக்கேன். இன்னிக்கி மோட்டார் சைக்கிளை எடுக்காதீங்க. சாயந்திரம் போர்ட் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில்லயே போங்க லா.

பின் சக்கரத்துப் புல்லி போல்ட் எல்லாம் திரும்பவும் லூசா இருக்கு. நகர்ந்தா தெரியணும்னு நேத்து நீங்க இறுக்கிட்டுப் போட்ட மஞ்சள் கோடு ஒவ்வொண்ணும் விலகியிருக்கு. கேட்டுல பூட்டு அப்படியேதான் தொங்குது. "வெளியாளு யாரும் வரல, நீதான் கழட்டுற"ன்னு நேத்து நீங்க சொன்னப்ப எவ்ளோ கத்தினேன். மன்னிச்சிடுங்க.

காலையில கண்ணு முழிச்சா என் நகத்துக்குள்ள கிரீஸ். தலையணைக்கு அடியில ஸ்பானர். எழுந்து போனது எதுவும் எனக்கு ஞாபகம் இல்ல.

அந்த மோட்டார்ல நீங்க போறது எனக்குப் பிடிக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். பயத்துல செஞ்சேனா, உங்க மேல இருக்கிற கோவத்துல செஞ்சேனான்னு எனக்கே தெரியல.

மத்தியானம் மெக்கானிக் ரிஷி அண்ணன் வருவாரு. போல்ட்டை அவரையே இறுக்கச் சொல்லுங்க. காரணம் சொல்ல வேணாம்.

வாணி

மோட்டார் சாவியை நான் எடுத்துட்டுப் போறேன், தேடாதீங்க.

ஸ்பானர் மேசை மேல இருக்கு. அண்ணன் இறுக்கி முடிச்சதும் எங்கயாவது ஒளிச்சு வைங்க. எங்கன்னு நான் கேட்டாலும் சொல்லாதீங்க.