சித்திரையில் வெட்டிய கரை

என் மக்கா, தம்பி ஞானமுத்து,

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. இன்றைக்குத்தான் எனக்கு எழுதக் கை வந்தது. ஊர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். இந்த ஊரும் நானும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது போதும்.

எல்லை போட்டுவிட்டார்கள். விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போயிற்று. நாம் கேரளத்திலேயே நின்றுவிட்டோம். நாமும் அங்கே சேரவேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய உன் அத்தான் இப்போது உதியன்குளங்கரை சந்தியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். என்ன கிடைத்தது என்று கேட்டால் பக்கத்தைத் திருப்புகிறார்.

சர்க்கார் வைத்த உன் மீன்பண்ணை விஷயத்துக்கு வருகிறேன். நெய்யாற்றின் மேலே, ரிசர்வ் காட்டுக்குள், அந்த ஒற்றைக் குளத்துக்கு நீ காவல்காரன் மட்டுமா? கோடையில் ஓடை வற்றும்போது குட்டைகளில் சிக்கிய கெண்டைகளைக் குடத்தில் சுமந்து, ஊற்றுத் தண்ணீர் நிற்கும் உன் குளத்தில் விடுவாய். முதல் மழையில் அவை முட்டையிடும். பிறகு தாய்மீன்களை ஓடைக்கே திருப்பிவிட்டு, குஞ்சுகளில் பாதியையும் அங்கேயே விடுவாய். மீதிதான் ஊர்க்குளங்களுக்கு. எல்லாவற்றையும் கீழே அனுப்பு என்று மேலதிகாரி திட்டியபோது நீ சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "சார், ஓடையில மீன் இல்லேன்னா அடுத்த வருசம் இந்தக் குளத்துல தவளைதான் உண்டு."

அப்புறம் போராட்டம் வந்தது. மலையாள சர்க்காரிடம் சம்பளம் வாங்குகிறவனுக்கு அரிசி கொடுக்கக் கூடாது என்று நம் ஆட்கள் தீர்மானம் போட்டார்கள். உன் அத்தான்தான் அதை வாசித்தவர். வாராவாரம் காட்டுக்கு அரிசி அனுப்பிக்கொண்டிருந்த நான் நிறுத்தினேன். யாரும் என் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை, தம்பி. நானாகத்தான் நிறுத்தினேன்.

மூன்றாம் வாரம் நீயே அரிசிக்கு இறங்கி வந்து, என் வீட்டில் படுத்தாய். மறுநாள் பகலில் நம் ஆட்கள் கொடியோடு லாரியில் போய் உன் குளத்துக் கரையை வெட்டினார்கள். சித்திரை மாதம். ஓடையில் கணுக்கால் நனையத் தண்ணீர் கிடையாது. பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் குளித்தவர்கள்தான் எல்லோரும். ஒருவனுக்காவது அது என்ன மாதம் என்று தோன்றவில்லையே?

திரும்பி வந்த உன் அத்தான் ஓலைப்பொதி ஒன்றைக் கையில் தந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சர்க்காரு பிடிச்சு வச்ச மீன நாங்க ஆத்துல விட்டாச்சு. நம்ம ஆத்துக்க மீனாக்கும். கொஞ்சம் பாறையில துடிச்சிட்டுக் கெடந்துது, கறி வைய்யி."

வைத்தேன். அறுக்கும்போதே சினை தெரிந்தது. ஒவ்வொன்றிலும் சினை. தெரிந்தேதான் புளி கரைத்தேன். நீ கிண்ணத்தைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"அக்கா, இன்னும் ஒரு மாசம் பொறுத்திருந்தா மழை வந்திருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாய். கைகழுவிவிட்டு, அரிசியைக்கூட எடுக்காமல் போனாய். என்னை நாலு வார்த்தை ஏசியிருக்கக் கூடாதா?

காவல்காரன் இல்லாத நேரத்தில் கரை உடைந்தது, கவனக்குறைவு என்று எழுதி உன்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். வெட்டியது யார் என்று போலீஸ் கேட்டபோது ஊரே தெரியாது என்றது. நானும்தான். நம் ஆட்களைக் காட்டிக்கொடுப்பதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வேலை போன பிறகும் நீ அந்தக் குடிசையிலேயே கிடந்து, மண் சுமந்து கரையை அடைத்தாய். மழை வந்தது. மீன் வரவில்லை. காய்ச்சல் வந்தது, அது உன்னைக் கொண்டுபோயிற்று.

போன வாரம் புது அதிகாரி எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கடல் கடந்து வந்த மீன்குஞ்சுகளை வரும் திங்கட்கிழமை டின்னில் கொண்டுவந்து உன் குளத்திலும் ஓடையிலும் விடப்போகிறார்களாம். எந்தத் தண்ணீரிலும் பெருகுமாம். கைதட்டப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னார். நம் கெண்டை என்ன ஆகும் என்று கேட்டேன்.

"நாடன் மீனைக்கொண்டு பண்ணை நடக்காது டீச்சரே. காவல்காரன் நோக்காம நசிச்சுப் போனதாக்கும். ஃபைலில் உண்டு."

ஃபைலில் உண்டு. நம் பொய் அதிகாரிக்கு ஆதாரமாகிவிட்டது. உன் பண்ணை தானாக நடந்துகொண்டிருந்தது, நாங்கள்தான் கொன்றோம் என்று அதில் ஒருவரும் எழுதவில்லை. மேலே வற்றாத ஆழமான ஒரு கயத்தில் இன்னும் கொஞ்சம் கெண்டை உண்டு என்று, காட்டில் குடியிருக்கும் காணிக்காரர் ஒருவர் சொன்னார். அந்த டின் மீன் ஓடையில் இறங்கினால் அவற்றின் முட்டையைக்கூட விட்டுவைக்காது.

நேற்று உன் அத்தானிடம் சொன்னேன், அதிகாரியைப் பார்க்கப் போகிறேன் என்று. பேப்பரை மடித்து வைத்தார்.

"வெட்டின ஆளுக்க பேரச் சொல்லுவியா?"

"சொல்லுவேன். மொதல்ல ஒங்க பேரு. அடுத்தது எனக்க பேரு."

இந்த வீட்டில் இனி எனக்கு இடம் உண்டா, பள்ளியில் வேலை உண்டா, ஆராதனைக்குப் போனால் பக்கத்தில் யாராவது உட்காருவார்களா, தெரியாது. டின் வருமுன் சனிக்கிழமை காலையிலேயே நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போய், அந்த ஃபைலில் உன் பேர் இருக்கும் இடத்தில் எங்கள் பேரை எழுத வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

கூடப்பிறந்தும் கூட நிற்காத
உன் அக்கா