மேல், கீழ், மறுபடி மேல்

மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பரால் ஒரே இடத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துவிடும்போல இருக்கிறது. பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுப்பா" என்றாள், தலை நிமிராமல். அந்த ரப்பர் தூள் என் மேசைவரை பறந்து வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது.

உன் ரப்பருக்கு வாசனை கிடையாது. கம்ப்யூட்டர் திரை உறைந்து நின்றால் கிராஃபிக்ஸ் கார்டைப் பிடுங்கி, அதன் ஓரத்துப் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, லுங்கியில் துடைத்து மறுபடி செருகுவாய். எந்தக் கோளாறுக்கும் உன் முதல் வைத்தியம் அதுதான். "மொதல்ல பல்லு வெளக்கணும் குரு, அப்புறந்தான் டாக்டரு" என்பாய். நானும் நீயும் ஒரே வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஆனாலும் எனக்கு நீ வைத்த பெயர் குரு. பெங்களூர் காக்ஸ் டவுனில் பிறந்தவனுக்குப் பால்காரரும் குரு, பஸ் கண்டக்டரும் குரு என்று தெரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று.

நீ வேறு ஆபீசுக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் நமக்கு இருந்தன. நீ சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து லிங்கராஜபுரத்திலிருந்து நடந்தே வந்துவிடுவேன். உள்ளே உன் அம்மா மட்டன் குழம்பு வைப்பார்கள். முன்னறையில் நாம் அந்தக் கார்டோடு மல்லுக்கட்டுவோம். லினக்ஸில் அது ஓடுவதற்கான டிரைவர் என்ற மென்பொருளை உலகத்தில் எங்கெங்கோ இருந்த சிலர் சேர்ந்து எழுதினார்கள். அதில் கார்டுக்குள் ஓடும் கடிகாரம், அதாவது டைமர், நம் பங்குக்கு வந்தது. கார்டு செய்த கம்பெனி ஒரு விவரமும் வெளியே சொல்லவில்லை. ஒரு எண்ணை எழுதிப் பார்ப்போம், என்ன ஆகிறது என்று பார்ப்போம், இன்னொன்றை எழுதுவோம். "புருஷன் பேரைச் சொல்லாத பொண்டாட்டி கணக்கா இருக்கானுங்க. ஜாடையிலயே புரிஞ்சிக்கணும்" என்று நீ சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்தால் கார்டின் நொடி நம்முடைய நொடி ஆகும் என்று ஒருவழியாகப் பிடித்தோம். அலாரமும் சரியாக அடித்தது. ஆனால் எப்போதாவது ஒரு தடவை கார்டின் நேரம் சட்டென்று பின்னால் போய்விடும். அவ்வளவுதான், திரை உறைந்துவிடும். ரப்பர் வைத்தியம் அதற்குப் பலிக்கவில்லை.

அந்த வருடம் ஊரெங்கும் ஆள்குறைப்பு. என்னையும் அனுப்பிவிட்டார்கள். மனைவி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தினமும் அவள் கட்டிக்கொடுத்த டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பேன். ரயில்களைப் பார்ப்பேன். பார்க்க மட்டும்தான் வருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்திருந்தேன்.

அந்த ஞாயிறு நான் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "ஆபீஸ் எப்படிப் போவுது?" என்று கேட்டாய். "நல்லா போகுது" என்றேன். நீ தலையாட்டிவிட்டு டைமரைப் பற்றி ஆரம்பித்தாய். கோளாறு எங்கே என்று கண்டுபிடித்திருந்தாய். கார்டின் நேரம் மிக நீளமான எண். ஒரே மூச்சில் படிக்க முடியாது. மேல் பாதியை ஒரு தடவை, கீழ்ப் பாதியை ஒரு தடவை படிக்கிறோம். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாய். பன்னிரண்டு அடிக்கப்போகும் நேரத்தில் ஒருத்தன் மணியைப் பார்க்கிறான், பதினொன்று. அதை எழுதிவிட்டு நிமிடத்தைப் பார்ப்பதற்குள் பன்னிரண்டு ஆகிவிடுகிறது, நிமிடம் பூஜ்யம். அவன் பதினொன்று பூஜ்யம் என்று எழுதிவைக்கிறான். ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டான். அவன் பார்த்த இரண்டும் உண்மைதான், சேர்த்தால் பொய்.

"அதுக்கு?" என்றேன்.

"மேல படி, கீழ படி, மறுபடி மேல படி. மேல மாறியிருந்தா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மொதல்லேர்ந்து படி. அவ்ளோதான்."

எழுதி ஓட்டினாய். அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை திரை உறையவே இல்லை. எழுந்திருக்கும்போது சாதாரணமாக, "ஆபீஸ் எப்படிப் போவுது குரு?" என்று மறுபடியும் கேட்டாய்.

"போகுது" என்றேன்.

நீ திரும்ப உட்கார்ந்தாய். "மொத தபா நல்லா போவுதுன்ன. இப்ப அந்த 'நல்லா'வக் காணோம். மொதல்லேர்ந்து சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன், ஸ்டேஷனையும் சேர்த்து. அழுதேன். நீ ஆறுதல் சொல்லத் தெரியாதவன். நன்றாக இருந்த கார்டைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்துக்கொண்டே கேட்டாய். பிறகு சோறு போட்டு, பைக்கில் என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய், நான் மாடியேறி அவளிடம் சொல்லி முடிக்கும்வரை தெருவில் நின்றாய். அவள் என்னைத் திட்டிய திட்டு உனக்குக் கீழேயே கேட்டிருக்கும். அதைக் கேட்ட பிறகுதான் வண்டியை எடுத்தாய். என் உயிர் நீ போட்ட பிச்சை என்று உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் "சும்மா இரு குரு" என்றிருப்பாய்.

பல வருடங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா இருக்கேன்" என்றாய். டிரைவரைப் பற்றிப் பேசினோம். நாம் எழுதியதை யாரோ முழுக்க மாற்றி எழுதிவிட்டார்கள், ஆனால் மேல், கீழ், மறுபடி மேல் என்ற வரிசையை மட்டும் தொடவில்லை என்று சொன்னேன். உனக்கு அதில் சந்தோஷம். அம்மா ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வெளியே போனதும் மறுபடி கேட்டேன், எப்படி இருக்கிறது என்று.

"இருக்கேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். "புட்ச்சிட்டியா" என்றாய். பிறகு சொன்னாய்: "பயமா இருக்கு குரு. மம்மிகிட்ட சொல்லாத." அம்மா திரும்பி வரும்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரமே நீ போய்விட்டாய்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் சௌக்கியமா என்று வாசலில் ஒரு தடவை கேட்கிறேன், கிளம்பும்போது ஒரு தடவை கேட்கிறேன். பல நாள் இரண்டு பதிலும் ஒன்றாக இருப்பதில்லை. அப்போது உட்கார்ந்துவிடுவேன்.

மகள் இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத் தாய் வயிற்றில் இருந்தவள் இவள்தான். இந்த மடலை இதோடு வைக்கிறேன். பள்ளி எப்படி இருந்தது என்று அவளிடம் இன்னொரு தடவை கேட்க வேண்டும்.