ஞாயிற்றுக்கிழமைத் துணியும் நான்கு பேனல்களும்

மச்சி,

இன்று காலை நம் பிளாக்கின் மொட்டை மாடிக்குப் போனால், சோலார் பேனல்களுக்கு நீ இழுத்த தடித்த சிவப்பு வயரின் கிளிப்புகளை ஓர் ஆள் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டிருக்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டி வந்த காண்டிராக்டர். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. அதற்குள் உன் வேலையில் கைவைக்க ஆள் வந்துவிட்டார்.

"யாரு சார் இத பேரலல்ல கட்னது? சீரீஸ்ல மாத்திட்டா மெல்லிசு வயரே போதும்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அடுத்து, "மாடியில துணி போடக் கூடாதுன்னு ஒரு போர்டு மாட்டிடுங்க" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

முதலில் சீரீஸில் கட்டியது நானே. உனக்கு மறந்திருக்காது. யாரோ கழித்துப்போட்ட நான்கு பழைய சோலார் பேனல்களை நாம் இருவரும் மாடிக்கு ஏற்றினோம். கீழே பிள்ளைகள் படிக்கும் அறைக்கு ஃபேனும் லைட்டும் வேண்டும். ஒன்றின் வாலை இன்னொன்றின் தலையில் சேர்த்து முடித்தேன். செவ்வாய்க்கிழமை சோதித்தோம், ஃபேன் பிய்த்துக்கொண்டு சுற்றியது. அன்று கொடிக்கயிற்றில் ஒரு துணிகூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்கே துணி துவைத்தது. ஒரு புடவையின் நிழல் மூன்றாவது பேனலில் விழுந்தது, ஒரே சங்கிலியாகக் கட்டியதால் நான்கும் படுத்துவிட்டன. புது பேனலாக இருந்தால், நிழல் பட்ட பேனலைத் தாண்டி கரண்டைக் கடத்திவிடும் டயோடு உள்ளே இருந்து காப்பாற்றியிருக்கும். நம்முடையதில் அது எப்போதோ செத்திருந்தது. ஃபேன் நிற்க, பிள்ளைகள் வேர்த்து வெளியே வர, நான் மாடியில் நின்று பெண்களிடம் கத்தினேன். இனிமேல் யாரும் இங்கே துணி போடக் கூடாது என்றேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

நீ கத்தவில்லை. அந்தப் புடவையைப் பார்த்தாய், பிறகு என்னை.

"இன்னா மச்சி, துணி எத்தினி வருசமா இங்க காஞ்சிகினு கீது. பேனல் போன வாரம் வந்துது. யாரு ஒதுங்கணும்?"

மறுநாளே தடி வயரைத் தோளில் போட்டுக்கொண்டு நான்கு மாடி ஏறினாய். ஒவ்வொரு பேனலுக்கும் தனித்தனி வழி கொடுத்தாய், அதுதான் பேரலல். ஒன்று நிழலில் படுத்தால் மற்ற மூன்றும் வேலையைப் பார்க்கும். வயர் வீண் என்று நான் முணுமுணுத்ததை நீ காதில் வாங்கவே இல்லை.

இன்றும் கயிற்றில் துணி இருந்தது. உன் காக்கிச் சட்டை. மாதம் ஒரு முறை அதை எடுத்து அலசிப்போடுகிறாள் உன் மனைவி. ஏன் என்று நான் கேட்டதில்லை. அதன் நிழல் சரியாக மூன்றாவது பேனலில் விழுந்திருந்தது.

"மொதல்ல அந்தச் சட்டைய எடுங்க" என்றார் காண்டிராக்டர். அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு மேலே வந்த உன் மனைவி அதைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடுக்க முடியாது சார். நீங்க கீழ போய் ஃபேன் ஓடுதா பாத்துட்டு வாங்க" என்றேன்.

போனார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத் திரும்பி வந்தவர் தன் கருவிப் பெட்டியை மூடினார். "அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்" என்றார் செயலாளர். பேசட்டும். நானும் போவேன், அவளும் வருவாள். உன் வழக்கை நீ சொன்ன அதே வார்த்தையில் சொல்வேன்.

பெயர்த்த கிளிப்புகளை மத்தியானமே திரும்ப அடித்துவிட்டேன். உன் சுத்தியலால்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை. கயிறு கொள்ளாமல் துணி வரும். வரட்டும்.