உங்காளுங்க தண்ணி

மாப்ள,

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது. ஆற்றுத் தண்ணீர் விடுகிற முறை நாள் என்று மருமகள் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. குடிக்கப் பிடிக்கவில்லை.

இந்தத் தண்ணீருக்காக எத்தனை திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் காலிக் குடத்தோடு நின்றிருப்போம். நீ ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. மனு மட்டும் ஒன்று. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடால் ஊரில் எல்லாருக்கும் பல் காவியேறிக் கிடந்தது. உனக்கு முட்டியும் மடங்காது. அதிகாரியிடம் பல்லைக் காட்டி, "நாங்க ரெண்டு பேரும் வேற வேற கட்சிங்க சார், பல்லு மட்டும் ஒரே கலருங்க" என்றாய். அவரே சிரித்துவிட்டார்.

'உங்காளு, எங்காளு' என்பது அப்போது நமக்குக் கேலிப் பேச்சு. பாப்பாரப்பட்டி சந்தைக்குப் போகிற பஸ் நடுவழியில் நின்றால்கூட, "உங்காளு ஆட்சி, எறங்கித் தள்ளு" என்பாய்.

போன் கைக்கு வந்தபிறகு நீ ஆளே மாறிப்போனாய். பேப்பர் பொய், டாக்டர் பொய், தண்ணீரைச் சோதித்த ரிப்போர்ட்டும் பொய். "எல்லாவனும் வெலைக்குப் போயிட்டான்" என்பாய். நான் மட்டும் என்ன யோக்கியன்? என் போனில் வந்த குப்பையை வேதவாக்காக நம்பினேன். கடைசியில் தண்ணீர் வந்தது எங்கள் ஆட்சியில். தெருவே குடித்தது, நீ குடிக்கவில்லை. எட்டு வருஷம் அதே போர்வெல் தண்ணீர். கட்டிலைவிட்டு எழ முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, கேள்விதான் பட்டேன்.

நீ போன அன்று, உன்னைக் குளிப்பாட்ட ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தேன். உன் பெரிய மகன் வாசலிலேயே மறித்தான். மரியாதையாகத்தான் சொன்னான். "எங்கப்பாவுக்கு உங்காளுங்க தண்ணி வேணாங்க மாமா." குடத்தோடு திரும்பினேன்.

இப்போது டீக்கடைகூட இரண்டாகிவிட்டது, உங்காளு கடை, எங்காளு கடை என்று. இனி இந்த ஊர் ஒரு மனுவில் கையெழுத்துப் போடும் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை.

உன் வீம்புதான் உன்னைக் கொண்டுபோனது என்று ஊர் பேசுகிறது. நானும் தலையாட்டுகிறேன். குழாய் திறந்த அன்று ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் நான் போட்டதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். "இது எங்காளு கொண்டாந்த தண்ணி. ரோஷம் இருந்தா குடிக்காத மாப்ள." விளையாட்டுக்குப் போட்டேன் என்று சொல்லமாட்டேன். உனக்கு உறைக்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

ஐம்பது வருஷத்தில் நான் சொன்ன எதையும் நீ கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டுவிட்டாயே.