கூரை ஏறாத அறை

பக்கத்து வளவில் சுவருக்குப் பூசுகிறார்கள். ஈரச் சீமெந்தின் வாடை காலையிலிருந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. யன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், எதிலும் மனம் நிற்கவில்லை. அதனால்தான் சுவரில் படமாய் இருக்கும் உங்களோடு பேச உட்கார்ந்தேன்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில், கணவனை இழந்த உங்கள் தங்கை மீனாட்சி பிள்ளைகளோடு அலுவிகாரைக்கு, நம் வீட்டுக்கு வந்துவிட்டாள். படுக்க இடமில்லை. பின்பக்கம் இன்னோர் அறை கட்டலாம் என்றீர்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் ஒருமுறை ஓடி ஒளிந்தவர்கள் நாம். தெரிந்த குடும்பங்கள் சில அப்போதே வடக்கே வவுனியாவுக்குப் போயிருந்தன.

“நாடு இருக்கிற இருப்புல புதுச் சுவர் எதுக்குங்க? நாமளும் போயிருவோம்,” என்றேன்.

“போற எடத்துலயும் ஒரு சுவர் எழுப்பத்தானே வேணும்? அதை இங்கயே எழுப்புறேன்,” என்றீர்கள்.

மேசன் சோமபால பாஸ் கட்டினார். நீங்கள் வேலையால் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவீர்கள். நானோ உடுப்புகளை ஒரு பையில் அடுக்கிக் கதவோரம் வைத்திருந்தேன். அதைத் தாண்டித்தான் நீங்கள் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போவீர்கள்.

சுவர்கள் எழுந்து, கூரை பாக்கியிருந்த ஆடி மாதம், டவுன் பக்கம் புகை கிளம்பியது. பாஸ் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். “மாத்தயா, லொறியில ஆளுங்க வராங்க. நோனாவையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு என் பின்னால வாங்க.” மிளகுக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நடந்து, வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவர் வீட்டில் ஒளிந்தோம். கட்டி வைத்த பையை எடுக்க மறந்திருந்தேன். தேடி வந்தவர்களிடம், இங்கே யாருமில்லை என்று அவர் மனைவி வாசலில் நின்று சிங்களத்தில் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பி வந்தபோது முன்வீடு கரியாய்க் கிடந்தது. புது அறை மட்டும் நின்றது. எரிவதற்கு அதில் ஒரு மரத்துண்டுகூட ஏறியிருக்கவில்லை. நீங்கள் உள்ளே போய், நடுவில் நின்று, அண்ணாந்து வானத்தைப் பார்த்தீர்கள்.

“தகரம் போட்டா போதும், மீனாட்சி,” என்றீர்கள். என்னிடம் சொல்லவில்லை. என் பதில் உங்களுக்குத் தெரியும்.

அந்த ஒற்றை அறையில்தான் எல்லோரும் இருந்தோம். போய்விடலாம் என்று நான் கேட்காத நாளில்லை. நீங்கள் மறுத்ததும் இல்லை. “சரி, போவோம். இந்தக் குசினிச் சுவரை மட்டும் முடிச்சிருவோம்,” என்பீர்கள். குசினி முடிந்து அடுப்பு மூட்டினோம். பிறகு முன்னறை, பிறகு விறாந்தை. அந்த அறையிலிருந்து வீடு மெல்ல முன்னோக்கி வளர்ந்தது. மீனாட்சியின் மகள் இந்த வாசலிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள்.

நீங்கள் கண்ணை மூடியபின் போர் முடிந்தது என்றார்கள். ஆனாலும் ரோட்டில் லொறியொன்று வந்து நின்றால் என் கால்கள் தன்னால் எழுந்துவிடுகின்றன. கேற் வரை போய், மணல் ஏற்றி வந்ததோ, தேங்காய் ஏற்றி வந்ததோ என்று பார்க்கிறேன். எழுந்து ஓடுவது என் சுபாவம். திரும்பி வந்து உட்காருவது மட்டும் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.